சீட்டுக்கு அடியில் ரெண்டு கோடு

கையில இருக்கற டேப்லெட்டை எல்லாரும் கொஞ்சம் கவுத்து வைங்க. முதலாளி என்னைக் கூப்பிட்டது, "புதுசா சேந்த பிள்ளைங்களுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கக்கா"ன்னு. நல்ல வார்த்தை சொல்ற பழக்கமே எனக்குக் கிடையாது. இங்க இருக்கற பழைய ஆளுங்க யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க. அதனால ஒரு வண்டியோட கதையைச் சொல்றேன். டீ வந்தா குடிங்க, எனக்காகக் காத்திருக்க வேணாம். ஆறிப்போன டீயை வெச்சுக்கிட்டு என் மூஞ்சியைப் பாக்கறவங்களைக் கண்டா எனக்கு எரிச்சல் வரும்.

இந்த முன்மேசையை விட்டு நான் எந்திரிச்சுப் போயி ஒரு வருஷம் ஆகுது. நீங்க இப்ப 'சர்வீஸ் அட்வைசர்'னு சட்டையில பேர் குத்திக்கிட்டு நிக்கறீங்க. நான் சேந்தப்ப அந்தப் பேரெல்லாம் இல்லை. 'கம்ப்ளெயிண்ட் எழுதற அம்மா', அவ்வளவுதான். வேலை ஒண்ணுதான். வண்டிக்காரர் சொல்றதைக் கேட்டு மெக்கானிக்குக்குப் புரியற மாதிரி மாத்திச் சொல்லணும். மெக்கானிக் சொல்றதைக் கேட்டு வண்டிக்காரருக்கு மயக்கம் வராத மாதிரி மாத்திச் சொல்லணும். ரெண்டு பக்கத்துத் திட்டும் நமக்குத்தான் வரும். பழகிக்கோங்க.

இன்ஜின், பிரேக் எல்லாம் டிரெயினிங்ல சொல்லிக் குடுத்திருப்பாங்க. சத்தத்தைப் பத்திச் சொல்லியிருக்க மாட்டாங்க. நம்ம ஊர்ல யாரும் வந்து 'இந்த பார்ட் தேஞ்சு போச்சு'ன்னு சொல்றதில்லை. வாயாலேயே ஓட்டிக் காட்டுவாங்க. குத்தாலத்துலேருந்து ஒருத்தர் வருவார், கல்யாணங்களுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடறவர். மேசை முன்னாடி நின்னு அவர் "கிர்ர்ர்ர்ர்... டொக்"னு காட்டினா பின்னாடி நிக்கறவங்க பதறி ஒதுங்குவாங்க. முத்துப்பேட்டையிலேருந்து மீன் ஏத்தற வேன்காரர் ஒருத்தர் கன்னத்தை உப்பிக்கிட்டு "புஸ்... புஸ்..."ம்பார், ரெண்டு கையையும் சேத்து ஆட்டுவார். சிரிச்சிடக் கூடாது. எனக்கு வேலை சொல்லிக் குடுத்தவர் ஒரே ஒரு விஷயத்துலதான் கண்டிப்பா இருந்தார். அவங்க சத்தம் போட்டு முடிக்கறவரைக்கும் பேனாவைத் தொடக் கூடாது. தொட்டா அவங்க பாதியிலேயே வெக்கப்பட்டு நிறுத்திடுவாங்க.

இன்னொண்ணு நம்ம வெயிட்டிங் ஹால். அங்க உக்காந்திருக்கறவங்க எல்லாரும் வண்டி ரிப்பேருக்கு வந்தவங்கன்னு நினைச்சுடாதீங்க. பாதிப் பேர் ஏசிக்கும் பேச்சுக்கும் வந்தவங்க. அரிசி மில்காரர் ஒருத்தர், வீட்டுல மூணு பழைய வண்டி வெச்சிருக்கார், அதுல ரெண்டு எப்பவும் நம்மகிட்டதான் கிடக்கும். பி.டி. மாஸ்டர் ஒருத்தர், தினம் கும்பகோணத்துலேருந்து தஞ்சாவூருக்கு கார்ல வந்து போறவர். "டீசல் வண்டி பழசாகப் பழசாகத்தான் மாஸ்டர் ருசி"ன்னு மில்காரர் ஆரம்பிப்பார். "ருசி இருக்கட்டும், மைலேஜ் எவ்வளவு சொல்லுங்க"ன்னு அவர் மடக்குவார். எந்த வண்டி உள்ள வந்தாலும் ரெண்டு பேரும் எட்டிப் பாத்து வியாதி சொல்லிடுவாங்க. ஃபீஸ் கிடையாது, ஆனா அவங்க சொன்னதைச் செய்யலைன்னா கோவம் வரும்.

இந்தக் கூட்டத்துக்கு நடுவுலதான் தேன்மொழி வந்தா.

திருக்காட்டுப்பள்ளி பக்கத்துல ஆத்தங்கரையை ஒட்டின ஊர். தஞ்சாவூர்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரியில பிசியோதெரபிஸ்ட். வீட்டுக்காரர் துபாய்ல. வீட்டுல மாமனார், மாமியார், யுகேஜி படிக்கற பொண்ணு. அந்தப் பொண்ணுக்கும் தஞ்சாவூர்லதான் பள்ளிக்கூடம், காலையில பின்சீட்டுல உக்கார வெச்சுக் கூட்டிக்கிட்டு வந்து இறக்கி விட்டுட்டு டூட்டிக்குப் போவா. ரெண்டு பஸ் மாறி, குழந்தையைத் தூக்கிக்கிட்டு ஓடி, பாதி நாள் லேட்டாப் போயி திட்டு வாங்கினதுக்கு அப்புறம், சம்பளத்துல மிச்சம் பிடிச்சு தானே வாங்கின வண்டி. சின்ன வெள்ளை டீசல் வண்டி, தேர்ட் ஓனர். ஆள் குள்ளம். சீட்டை முன்னாடி இழுத்து ஸ்டியரிங்கை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு ஓட்டுவா. ஆனா நல்லா ஓட்டுவா.

முதல் தடவை வந்தது ஒரு திங்கக்கிழமை. "அக்கா, மெதுவாப் போறப்ப ஒரு சத்தம். வேகம் எடுத்தா நின்னுடுது"ன்னா. காட்டும்மான்னேன். சுத்தி முத்தி பாத்துட்டு, என் காதுகிட்ட குனிஞ்சு மெதுவா, "சலக்... சலக்... சலக்..."ன்னா. அரிசி களையற மாதிரி இருந்துச்சு. "அப்பப்ப கருகல் வாடையும் வருதுக்கா."

நம்ம ரூல் தெரியும்ல? கேட்டுக்குள்ள வந்த வண்டி முதல்ல வாட்டர் வாஷ், அப்புறம்தான் ரோடு டெஸ்ட். சேத்தோட இருக்கற வண்டிக்கு அடியில எந்த மெக்கானிக் படுப்பான்? அந்த ரூல் போட்டதே நான்தான். வாஷ் பையன் செல்வம் கழுவி விட்டான், ஃபோர்மேன் எடுத்துக்கிட்டு புது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டு வந்தார். ஒரு சத்தமும் இல்லைன்னார். கருகல் வாடைக்கு கிளட்சைப் பாத்தார், அதுலயும் ஒண்ணும் இல்லை. சாயங்காலம் தேன்மொழி ஓட்டிக்கிட்டுப் போயி ஃபோன் பண்ணினா. "என்ன பண்ணினீங்கக்கா? சூப்பரா இருக்கு!" என்ன பண்ணினோம்னு எங்களுக்கே தெரியலை. சும்மா பெருமையா "அதெல்லாம் சரி பண்ணியாச்சு"ன்னு சொல்லிட்டேன்.

அடுத்த திங்கக்கிழமை மறுபடி வந்து நின்னா. இந்தத் தடவை மாமனாரும் கூட வந்தார். ஆறடி ஆள், வெள்ளைச் சட்டை, தோள்ல துண்டு. முன்சீட்டுல முழங்கால் ரெண்டும் டேஷ்போர்டுல இடிக்க உக்காந்து வந்திருந்தார். இறங்கினதும் நேரா என்கிட்ட வந்தார்.

"செகண்ட் ஹேண்ட் வண்டி வேணாம்னு அப்பவே சொன்னேம்மா. நடு ரோட்டுல நின்னு போச்சுன்னா இந்தப் பொண்ணு குழந்தையை வெச்சுக்கிட்டு யாரைக் கூப்பிடும்? எனக்கு இதுங்க வீடு வந்து சேர்ற வரைக்கும் சோறு இறங்கலை."

சொன்னது நெசம்தான், முகத்துலயே தெரிஞ்சுது. ஆனா ஹாலுக்குள்ள போயி உக்காந்த கொஞ்ச நேரத்துல மனுஷன் மில்காரர்கிட்டயும் மாஸ்டர்கிட்டயும் ஒட்டிக்கிட்டார். தன் பழைய டிராக்டர் கதையை எடுத்து விட்டார். அங்க ஒரே சிரிப்பு.

நான் மேசையிலேருந்தே சத்தமாக் கேட்டேன், "ஏம்மா, இந்த வண்டியை உன்னைத் தவிர வேற யாராவது ஓட்டறாங்களா?"

"இல்லக்கா. நான் மட்டும்தான்."

ஹாலுக்குள்ளேருந்து மாமனாரும் குரல் குடுத்தார். "நான் டிராக்டரோட சரிம்மா. கார் பக்கமே போறதில்லை."

கழுவினோம், ஓட்டிப் பாத்தோம், சத்தம் இல்லை. மில்காரர் "சஸ்பென்ஷன் புஷ், எழுதி வெச்சுக்கோங்க"ன்னார். மாஸ்டர் "வீல் பேரிங், வேணும்னா பந்தயம்"னார். ரெண்டு பேரும் போட்ட சத்தத்துல ஃபோர்மேன் தலை சுத்திப்போயி புஷ்ஷை மாத்தி அனுப்பிட்டார். பேரிங் மாத்தலைன்னு மாஸ்டர் ரெண்டு நாள் என்கிட்ட பேசலை.

மூணாவது திங்கக்கிழமையும் மாமனாரோட வந்து நின்னா. கண்ணெல்லாம் வீங்கிக் கிடக்கு. "வண்டியை வித்துடச் சொல்லிட்டார்க்கா"ன்னா. வீட்டுக்காரர் துபாய்லேருந்து ஒரு பழைய வண்டி புரோக்கர்கிட்ட பேசி, அவரை நம்ம ஒர்க்ஷாப்புக்கே வரச் சொல்லிட்டார். "நான் லீவுல வந்து வேற வண்டி பாக்கறேன், அது வரைக்கும் வேலைக்குப் போக வேணாம்"னு சொல்லியிருக்கார். இதுல என்ன கொடுமைன்னா, ஆஸ்பத்திரியில அவளை அந்த டிபார்ட்மெண்டுக்கே இன்சார்ஜாப் போடறதா இருந்தாங்க. எல்லாருக்கும் முன்னாடி வரணும், கடைசியாத்தான் கிளம்பணும். பஸ்ஸை நம்பி அது ஆகாது. ஒத்துக்கறியா இல்லையான்னு அன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள அவ பதில் சொல்லணும்.

"இந்த ஒரு சத்தத்தாலயாக்கா?"ன்னு கேட்டா. எனக்கு அவ வீட்டுக்காரர் மேல கோவம், வண்டி மேல கோவம், எங்க மேலயும் கோவம். மூணு தடவை ஒரே வண்டி என் மேசைக்கு வந்தா எனக்கு அவமானமா இருக்கும்.

அப்பத்தான் மண்டையில தட்டுச்சு. நம்ம கேட்டுக்குள்ள வர்ற வரைக்கும் சத்தம் இருக்கு. உள்ள வந்ததும் காணோம். அப்படின்னா அதைத் தொலைக்கறது நாமதான்.

செல்வம் குழாயைத் திறந்துட்டான். "நிறுத்துடா!"ன்னு கத்திக்கிட்டே ஓடினேன்.

"ரூல்க்கா..."

"ரூல் போட்டது நான்தானே? எடுத்துட்டேன். தண்ணி படக் கூடாது, தள்ளு."

வண்டியைச் சுத்தி வந்தேன். சனிக்கிழமை கோடை மழை பெஞ்சிருக்கு, ஆத்தங்கரைச் சேத்து வழியில வந்த வண்டி, வெளியில பளபளன்னு இருக்கு. யாரோ வீட்டுலயே கழுவியிருக்காங்க. புடவையைச் செருகிக்கிட்டு உக்காந்து பின்சக்கரத்துக்கு உள்ள எட்டிப் பாத்தேன். மட்கார்டோட மடிப்புல கொஞ்சம் சேறு அப்பிக்கிட்டு இருந்துச்சு. அந்தச் சேத்துலேருந்து பச்சையா, ரெண்டு இலை விட்டு, ஒரு முளை.

நம்ம பக்கத்துல பொறந்த யாருக்கும் அந்த முளையை அடையாளம் சொல்லித் தர வேணாம். உளுந்து.

சக்கரத்து மேல இருக்கற வீல் கப்பை நெம்பச் சொன்னேன். பொலபொலன்னு ஒரு கைப்பிடி உளுந்து தரையில கொட்டுச்சு. அதான் அரிசி களையற சத்தம். மெதுவாப் போனா உள்ள உருளும், வேகமாப் போனா ஓரத்துல ஒட்டிக்கிட்டு சும்மா இருக்கும். செல்வம் கூலா சொல்றான், "போன தடவையும் கப்பைக் கழட்டினப்ப கொட்டுச்சுக்கா. வாஷ் பண்றப்ப கூட்டித் தள்ளிட்டேன்." ஏன்டா சொல்லலைன்னு கேட்டா, "இந்த மாசத்துல எந்த வண்டியிலக்கா உளுந்து இல்லை?"ங்கறான்.

அவனைச் சொல்லியும் குத்தமில்லை. சம்பா அறுத்த வயல்ல உளுந்து வந்ததும் பாதி ஊர் அதை ரோட்டுலதானே காயப் போடுது. போற வர்ற வண்டி ஏறினா நெத்து உடைஞ்சு உளுந்து உதுந்துடும், கூலி மிச்சம். நம்மகிட்ட வர்ற எல்லா வண்டியிலயும் நாலு உளுந்து, ஒரு துண்டு வைக்கோல் இருக்கும். ஆனா ரோட்டுல ஏறி இறங்கின வண்டிக்கு இப்படி கைப்பிடியா ஏறாது. இது உளுந்து மேல சுத்திச் சுத்தி வந்த வண்டி. மேல தூக்கி அடியில பாத்தோம். சைலன்சருக்கு மேல உளுந்துச் செடியோட காஞ்ச தட்டை சுருட்டிக்கிட்டுக் கிடக்கு, நுனியெல்லாம் கருகி. ஃபோர்மேன் "ஐயய்யோ"ன்னார். தினம் அந்தக் குழந்தை அதுக்கு மேலதானே உக்காந்து வருது.

சைலன்சர் மேல கிடந்ததை எடுத்துட்டு, ஒரு தட்டையை மட்டும் முந்தானையில முடிஞ்சுக்கிட்டேன். மத்த மூணு சக்கரத்தையும் தொடாதீங்கன்னு சொல்லிட்டு ஹாலுக்குப் போனேன். தேன்மொழி ஒரு மூலையில ஆஸ்பத்திரிக்கு ஃபோன் பேசிக்கிட்டு இருந்தா. புரோக்கர் வந்து டீ குடிச்சுக்கிட்டு இருந்தார். மாமனார் அன்னிக்குக் கதை எதுவும் சொல்லலை, குனிஞ்சு உக்காந்திருந்தார்.

இங்கதான் பிள்ளைங்களா நல்லாக் கேட்டுக்கோங்க. அத்தனை பேர் முன்னாடி "உளுந்து கிடைச்சுடுச்சு!"ன்னு நான் கத்தியிருக்கலாம். கண்டுபிடிச்ச சந்தோஷத்துல நாக்கு துடிச்சுது. ஆனா யார் ஓட்டினதுன்னு யோசிச்சேன். அந்த வீட்டுல வேற ஆம்பளை கிடையாது.

"ஐயா, ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம் வாங்க. நீங்களே ஓட்டுங்க. டிராக்டர் பழகின காது, உங்களுக்கு நல்லாக் கேக்கும்"னேன்.

"நானா? எனக்கெதுக்கும்மா..."ன்னு இழுத்தார். அப்புறம் எந்திரிச்சு வந்தார்.

கதவைத் திறந்து உக்காந்தார். உக்காரறப்பவே இடது கை சீட்டுக்கு அடியில போச்சு. லீவரைப் பாக்கக் கூட இல்லை. ஒரே இழுப்பு, சீட்டு சரியா அவர் காலுக்குப் பின்னாடி போயி நின்னுச்சு. ரெண்டு விரலால கண்ணாடியைத் தூக்கி விட்டார். கார் பக்கமே போகாதவர்!

நாஞ்சிக்கோட்டை ரோட்டுல மெதுவாப் போனோம். சலக்... சலக்...

"இந்த வருஷம் உளுந்து எப்படிங்கய்யா?"

"நல்லா வந்துச்சும்மா."

"அடிச்சாச்சா?"

"ஆச்சு."

"டிராக்டர்லயா?"

கொஞ்ச தூரம் போயி ஒரு புளியமரத்து நிழல்ல ஓரங்கட்டினார். ஹேண்ட் பிரேக்கை இழுத்துட்டு ரோட்டைப் பாத்தே பேசினார்.

"டிராக்டர்காரன் இன்னிக்கு வரேன் நாளைக்கு வரேன்னான். கொஞ்சூண்டு உளுந்து, அவனுக்கு அலட்சியம். வானம் இருட்டிக்கிட்டு வருது, நனைஞ்சா அத்தனையும் போச்சு. ரோட்டுல போட்டேன், பைக்ல வந்த பையன் ஒருத்தன் சறுக்கி விழப் பாத்தான். 'பெருசு, இது உங்க அப்பன் வீட்டுக் களமா'ன்னு கேட்டான். கேட்டது நியாயம்தானே? ஞாயித்துக்கிழமை மருமக குழந்தையைக் கூட்டிக்கிட்டு அவ அம்மா வீட்டுக்கு பஸ்ல போயிடும், அந்தச் சந்துல கார் நுழையாது. வண்டி சும்மா நிக்குது. நம்ம களத்துலயே பரப்பிட்டு, மூணு வாரமா, பறிக்கப் பறிக்க..." திடீர்னு முகம் மலர்ந்துச்சு. "சின்ன வட்டமா சுத்தினா அருமையா உதுருதும்மா! டிராக்டர்லகூட இவ்வளவு உடையாம வராது. முடிஞ்சதும் பம்ப்செட்டுல கழுவி, இருந்த மாதிரியே நிறுத்திடுவேன்."

சிரிப்பை அடக்க நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

அவர் குரல் இறங்கிப்போச்சு. "சத்தம் இதனாலதான்னு சத்தியமா எனக்குத் தெரியாதும்மா. பழைய வண்டி, தூரம் ஓடுது, அதான்னு நினைச்சேன். எல்லார் முன்னாடியும் சொல்லிடாதீங்க. ரோட்டுல காயப்போட்டது ஏறிக்கிச்சுன்னு சொல்லிடுங்க. எல்லாரும் நம்புவாங்க."

நம்பியிருப்பாங்கதான். எவ்வளவு சுலபம் பாருங்க! வண்டியில குறையில்லைன்னு ஆயிடும், தேன்மொழிக்கு வேலை போகாது, பெரியவருக்கும் மானம் போகாது. எனக்கே சபலம் தட்டுச்சு. நீங்களும் ஒரு நாள் இந்த மாதிரி ஒரு சுலபமான பொய்யைக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பீங்க, அப்ப என்னை நினைச்சுக்கோங்க.

முந்தானையை அவுத்து அந்தக் கருகின தட்டையை அவர் உள்ளங்கையில வெச்சேன்.

"சைலன்சர் மேல கிடந்துச்சுங்கய்யா. இன்னும் நாலு தட்டை சேந்து பத்திக்கிட்டிருந்தா, மேல பின்சீட்டுல யார் உக்காந்திருப்பா?"

பாவம், அந்த ஆறடி மனுஷன் அப்படியே சுருங்கிட்டார். துண்டால முகத்தை மூடிக்கிட்டார். தோள் குலுங்கிச்சு.

"இதை மறைச்சுட்டா, அடுத்த வருஷம் வேற யாராவது கேட்டா நீங்களே ரோசனை சொல்லுவீங்க, கார்லயே அடிக்கலாம்னு"ன்னு அப்புறமாச் சொன்னேன். "என் வாயால நான் சொல்ல மாட்டேன். ஆனா பொய்யும் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லுங்க, நான் பக்கத்துல நிக்கறேன்."

மூக்கைச் சிந்திட்டு வண்டியைத் திருப்பினார்.

ஹாலுக்குள்ள நுழையறப்பவே தேன்மொழி கையில ஃபோன், வீடியோ கால்ல வீட்டுக்காரர். "புரோக்கர் வந்துட்டார்ல, பேசி முடிச்சு விடு"ன்னு அவர் சொல்றது எல்லாருக்கும் கேக்குது. மாமனார் நேரா போயி ஃபோனை வாங்கி, கையை நல்லா நீட்டிப் பிடிச்சுக்கிட்டார்.

"டேய். வண்டியை விக்கக் கூடாது. அதுல ஒரு குறையும் இல்லை. நான்தான் அதை வெச்சு உளுந்து அடிச்சேன்."

"நெட் கட்டாயிடுச்சு போல"ன்னு மாஸ்டர் மெதுவாச் சொன்னார்.

"அப்பா... உங்களுக்கு கார் ஓட்டத் தெரியுமா?"ன்னு கேட்டுது ஃபோன்.

"டிராக்டர் ஓட்டினவனுக்கு இது என்னடா பெரிய வித்தை? சக்கரத்துக்குள்ள உளுந்து போயி, அதான் சத்தம். அடியில தட்டை சிக்கி கருகியிருக்கு. என் பேத்தி உக்கார்ற வண்டிடா. தப்பு என் மேலதான். அந்தப் பொண்ணு வேலைக்குப் போகட்டும். அதை நீ தடுத்தேன்னா அப்புறம் என்கிட்ட பேசாதே."

மில்காரர் முதல்ல சிரிச்சார், அப்புறம் ஹால் முழுக்கச் சிரிப்பு, ஃபோனுக்குள்ளயும் சிரிப்பு. புரோக்கர் "இன்னொரு டீ சொல்லுங்க, அதாவது மிஞ்சட்டும்"னார். மாஸ்டர் மட்டும், "சக்கரத்துலதான் கோளாறுன்னு நான் அன்னிக்கே சொன்னேனா இல்லையா?"ன்னு ஒவ்வொருத்தர்கிட்டயா கேட்டுக்கிட்டு இருந்தார்.

தேன்மொழி சிரிக்கலை. மாமனாரையே பாத்துக்கிட்டு நின்னா. திட்டப் போறா, நியாயம்தான்னு நான் நினைச்சேன். அவ மெதுவா, "நீங்க ஓட்டறது எனக்குத் தெரியும் மாமா"ன்னா.

அவர் முழிச்சார்.

"ஒவ்வொரு திங்கக்கிழமையும் உக்காந்தா எனக்குக் கால் எட்டாது. சீட்டு பின்னாடி போயிருக்கும். கண்ணாடியில பாத்தா பின்னாடி கண்ணாடி தெரியாது, கூரைதான் தெரியும். சும்மா ஆத்தங்கரை வரைக்கும் ஆசைக்கு ஒரு சுத்து போயிட்டு வர்றீங்கன்னு நினைச்சேன். கேட்டா வெக்கப்பட்டு விட்டுடுவீங்களோன்னு கேக்கலை."

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! "ஏம்மா, நான் வாய் விட்டுக் கேட்டேனே, வேற யாராவது ஓட்டறாங்களான்னு? அன்னிக்கே சொல்லியிருந்தா புஷ் மாத்தின செலவாவது மிஞ்சியிருக்குமே!"

"எல்லார் முன்னாடியும் கேட்டீங்களேக்கா"ன்னா அவ. "மாமா அங்கதானே உக்காந்திருந்தாங்க."

அன்னியிலேருந்து நான் அந்தக் கேள்வியை மேசையில உக்காந்து கேட்டதில்லை. எந்திரிச்சு வண்டிக்குப் பக்கத்துல கூட்டிக்கிட்டுப் போயி, பானெட்டைத் திறந்து வெச்சுக்கிட்டு, ரெண்டு பேரும் உள்ள எட்டிப் பாக்கறப்பதான் கேப்பேன். அங்க குனிஞ்சுக்கிட்டுப் பேசறப்ப ஜனங்க உள்ளதைச் சொல்லிடுவாங்க. மூஞ்சியைப் பாக்க வேண்டியதில்லை பாருங்க. வாஷுக்கு முன்னாடி ஒரு சுத்து வண்டியைப் பாக்கணும்னு நீங்க இப்ப செய்யறீங்கல்ல, அதுவும் அன்னிக்கு வந்த ரூல்தான். செல்வத்துக்கு இன்னும் அதுல வருத்தம், அவன் வேலை லேட்டாகுதாம்.

நாலு சக்கரத்தையும் சுத்தம் பண்ணி, அடியில ஒரு துரும்பு இல்லாம எடுத்து அனுப்பினோம். வண்டியில ஏறறதுக்கு முன்னாடியே அவ ஆஸ்பத்திரிக்கு ஃபோன் பண்ணினா. "நான் ரெடி மேடம், இன்சார்ஜ் நானே பாத்துக்கறேன்"னா. குரல் அப்படி கணீர்னு இருந்துச்சு. அவ கிளம்பற வரைக்கும் கேட்டுல நின்னேன். மெதுவாத்தான் போனா, வேணும்னே. சத்தம் இல்லை. ஜன்னல் வழியா கையை வெளிய நீட்டி எனக்கு டாட்டா காட்டினா. மாமனார் பக்கத்து சீட்டுல முழங்காலை இடிச்சுக்கிட்டு நேரா பாத்துக்கிட்டுப் போனார்.

அப்புறம் பல மாசம் கழிச்சு அந்த வண்டி சாதாரண சர்வீஸுக்கு வந்துச்சு. அவளுக்கு நேரம் இல்லையாம், மாமனாரே தனியா ஓட்டிக்கிட்டு வந்து நிறுத்திட்டு, வணக்கம் சொல்லிட்டு, ஹாலுக்குள்ள நண்பர்களைத் தேடிப் போயிட்டார். செல்வம் உள்ள வேக்குவம் போட்டுக்கிட்டு இருந்தவன், "அக்கா, இங்க வாங்க"ன்னு கூப்பிட்டான்.

டிரைவர் சீட்டுக்கு அடியில, அது முன்னும் பின்னும் ஓடற கம்பி இருக்குல்ல, அதுல ரெண்டு கோடு. முன்னாடி ஒண்ணு, சிவப்பு நெயில் பாலிஷ்ல, மெல்லிசா. பின்னாடி ஒண்ணு வெள்ளை பெயிண்ட்ல, டிராக்டருக்கு நம்பர் எழுதற பிரஷ்ஷால போட்ட மாதிரி பட்டையா. சீட்டு அப்ப வெள்ளைக் கோட்டுல நின்னுக்கிட்டு இருந்துச்சு.

"யாரோ கறை பண்ணி வெச்சிருக்காங்கக்கா. தின்னர் போட்டுத் துடைச்சிடவா?"ன்னான்.

"தொட்டே, கையை உடைச்சிடுவேன்"னேன்.